உன் அம்மையும் மாமாவின் ஊசியும்

முத்து ஐயாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நலம் இல்லை, அதனால் அந்த வரியை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ரைஸ்மில் போனுக்குக் கூப்பிட்டாய். மில்காரர் சம்சாரம் கொல்லைப்பக்கமிருந்து குரல் கொடுத்தாள், நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிய ஈரக் கையோடு ஓடினேன். அமெரிக்காவில் சாப்பாடு எப்படி, குளிர் எப்படி என்று கேட்க வாயெடுப்பதற்குள், "அம்மா, கல்யாணம் வேணாம்மா. அமுதாகிட்டச் சொல்லிரு" என்றாய். "ஏன்டா?" என்றேன். அங்கே நீ ஏதோ சொன்னாய், இங்கே கரகரவென்று சத்தம்தான் கேட்டது. அப்புறம் லைன் போய்விட்டது. செத்துப்போன போனைப் பிடித்துக்கொண்டு நான் "ஏன்டா, ஏன்டா" என்று கத்திக்கொண்டிருந்ததை நெல் அரைக்க வந்த அத்தனை பேரும் வேடிக்கை பார்த்தார்கள். நம் கோச்சடை ஊரில் இப்போது எனக்குத் தலைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பேச்சு. ஆகியிருந்தாலும் ஆகியிருக்கும்.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அங்க ஒருத்தியப் பாத்துட்டான்டி, வேற என்ன?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "இல்ல, சொந்தத்துல கட்டுனா பிள்ளைக்கு ஆகாதுன்னு அங்க எவனாவது டாக்டர் சொல்லியிருப்பான்" என்றார். இரண்டில் எதுவாக இருந்தாலும் நீ வாய்விட்டுச் சொல்லியிருப்பாய். என் பிள்ளையை எனக்குத் தெரியாதா? அமுதா உனக்கு மாமா மகள் என்பதற்காக நாங்கள் கட்டிவைக்கப் பார்த்த கல்யாணமா இது? நீங்கள் இரண்டு பேரும் திருவாதவூர் பஸ்ஸிலும் பள்ளிக்கூட வாசலிலும் பேசி முடித்துவிட்டீர்கள். அப்புறம் பெரியவர்கள் நாங்கள் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி தட்டு மாற்றினோம். தையில் நீ வந்து தாலி கட்டி அவளைக் கூட்டிப்போவதாக இருந்தது. இப்படி இருந்தவன் திடீரென்று வேண்டாம் என்றால் நான் எதை என்று நினைப்பேன்?

இரண்டு நாள் சுற்றிச் சுற்றி யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. அதுதானா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. நீ விமானம் ஏறப்போகிற வாரம், கோழிக்குழம்பு வைத்த அன்று, சாப்பிட்டுக்கொண்டே உன் படிப்பைப் பற்றி எங்களுக்குச் சொன்னாயே, அந்தப் பேச்சு. அங்கே லைம் என்கிற ஊரின் பெயரில் ஒரு நோய் இருக்கிறது, காட்டில் மான் மேல் ஒட்டிக்கிடக்கிற உண்ணி மனுசனைக் கடித்தால் வரும், மூட்டெல்லாம் வீங்கும், அதன் கிருமி சுருள் கம்பி மாதிரி இருக்கும் என்றாய். நான் உடனே, "உண்ணிக்குப் பயந்தா நான் மாடு வளக்க முடியுமாடா?" என்று கேட்டேன், உன் அப்பா சிரித்தார். நீயும் சிரித்தாய். அதற்கப்புறம் நீ சொன்னதுதான் எனக்குப் புரிந்தும் புரியாமலும் இன்றுவரை மண்டையில் கிடக்கிறது. அந்தக் கிருமி இப்போதைக்கு மருந்துக்குச் செத்துவிடுகிறது, ஆனால் மருந்துக்குச் சாகாத கிருமியாக அது மாறுமா, மாறினால் எங்கே மாறும் என்று பார்ப்பதற்குத்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாய்.

"எப்படிப் பாப்பீங்க?" என்று கேட்டேன். கண்ணாடிக் குழாயில் கிருமியை வளர்ப்போம், கொஞ்சம் மருந்து ஊற்றுவோம், பிழைத்ததை எடுத்து மறுபடி வளர்ப்போம், இன்னும் கொஞ்சம் கூட்டி ஊற்றுவோம் என்றாய். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். சாக வேண்டியதைச் சாகவிடாமல் பழக்கி வளர்ப்பதற்கா இத்தனை படிப்பு என்று தோன்றியது. கேட்டேன்தானே? நீ பொறுமையாகத்தான் சொன்னாய். "பழக்குறது இல்லம்மா. கிருமி ஒண்ணு ரெண்டாகும்போது தன்னைப் பாத்துத் தானே எழுதிக்கும். கோடிக் கிருமி எழுதும்போது எங்கயாவது ஒண்ணு எழுத்துப் பெசகும். அந்தப் பெசகு, மருந்து போய்ப் பிடிக்கிற எடத்துல விழுந்துச்சுன்னா மருந்துக்குப் பிடி கெடைக்காது. மருந்து அதை மாத்தல. அது முன்னாடியே மாறிக் கெடக்கும். மத்ததெல்லாம் செத்ததும் அதுக்கு எடம் கெடைக்குது, அம்புட்டுத்தான்." எங்கே எது பிசகுகிறது என்று முன்னாலேயே தெரிந்துகொண்டால், நாளைக்கு மனுசருக்கு எந்த மருந்தை எப்படிக் கொடுப்பது என்று தெரியும் என்றாய்.

அது வரைக்கும் எனக்கு ஓரளவு புரிந்தது. நம் சிவப்பு மாட்டுக்கு உண்ணிக்குத் தூவுகிற பவுடரை எடுத்துக்கொள். முதலில் தூவியபோது உண்ணி பொலபொலவென்று கொட்டியது. இப்போது அந்தப் பவுடரில் அவை குளித்து எழுந்து மினுமினுப்பாக நடக்கின்றன. பவுடரில் கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன், பாவம் அவர். ஆனால் நீ அப்போது இன்னொன்றும் சொன்னாய். காசநோய்க்கு ஒரே மருந்து கொடுக்காமல் இரண்டு மூன்றாகச் சேர்த்துக் கொடுப்பது ஒன்றுக்குத் தப்பினது இன்னொன்றில் சாகட்டும் என்றுதான், நடுவில் விட்டால் மிச்சம் கிடப்பது பெருகும், அதில் மாறினதும் சேர்ந்து பெருகும், அப்புறம் அந்த ஆளுக்கு எந்த மருந்தும் கேட்காது என்று. சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று, "மாமாவுக்கு இதுதான்மா ஆகியிருக்கும். மாமா எதுக்கும்மா ஊசிய நிறுத்துனாரு?" என்றாய். நான் உனக்குக் குழம்பு ஊற்றுகிற மும்முரத்தில், "உனக்குத்தான் அப்ப அம்மை போட்டிருந்துச்சுல்ல" என்றேன்.

உன் கை அப்படியே இலையில் நின்றது எனக்கு இப்போது நினைவுக்கு வருகிறது. அப்போது காரம் அதிகமோ என்றுதான் நினைத்தேன், தண்ணீரை நகர்த்தி வைத்தேன். நீ அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினாய். ஊருக்குப் போகிற பிள்ளைக்குச் சோறு எப்படி இறங்கும் என்று நான் உன் இலையை எடுத்துப் போட்டேன். ஐயா, அன்றைக்கு அந்த இலையில் உட்கார்ந்து நீ உன் மேல் ஒரு கொலைப்பழியை எழுதிக்கொண்டாயா? அமுதாவின் அப்பா உன்னால் போய்விட்டார் என்றும், அவள் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது என்றும் நினைத்துக்கொண்டா விமானம் ஏறினாய்? அப்படியானால் நடந்தது என்ன என்று எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். தெரிந்த அளவு கொஞ்சம்தான். உனக்கு அப்போது ஏழு வயது.

என் அண்ணனுக்கு நெஞ்சுச் சளி என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டோம், டி.பி. என்ற சொல்லை யாரும் உரக்கச் சொல்லமாட்டோம். தினமும் ஊசி போட்டாக வேண்டும், திருவாதவூரிலிருந்து தினம் மதுரைக்கு வந்து போக முடியாது என்று அண்ணன் நம் வீட்டுக்கு வந்து தங்கினார். மதினியும் அமுதாவும் ஊரில் இருந்தார்கள். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறையில் அவருக்குத் தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டு வருவார், மத்தியானம் மாத்திரை போடுவார். முகத்தில் சதை பிடித்திருந்தது. இருமல் குறைந்திருந்தது. மாட்டுக்கு அவரே வைக்கோல் பிடுங்கிப் போடுகிற அளவுக்குத் தெம்பு வந்திருந்தது. அந்த நேரத்தில் பங்குனி வெயிலில் உனக்கு நெற்றியில் ஒன்று, மார்பில் ஒன்று என்று முத்துப் போட்டது.

அம்மை போட்ட வீட்டில் என்ன செய்வோம் என்று உனக்கு நான் சொல்லவா வேண்டும்? வாசலில் வேப்பிலை செருகினோம். தாளிப்பு நின்றது, வெளி ஆள் வருவது நின்றது. உன் அப்பா கோயில் பக்கமே போகாதவர், அவரே வண்டியூர் மாரியம்மன் கோயிலுக்குச் சைக்கிள் மிதித்துத் தீர்த்தம் வாங்கி வந்தார். ஆத்தா வந்திருக்கிற வீட்டுக்குள் மருந்து, மாத்திரை, ஊசி எதுவும் கூடாது. உனக்குத்தான் கூடாது, உன் மாமாவுக்கு என்ன என்று நீ கேட்பாய். அப்படி ஆள் பிரித்து யாரும் பார்க்கிற வழக்கமில்லை, வீட்டுக்கே கூடாது என்றால் கூடாதுதான். ஆனாலும் உன் அப்பா கேட்டார். "மச்சான், நீங்க பாட்டுக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க. ஆத்தாளுக்கு அதெல்லாம் தெரியாமயா இருக்கும்? ஒண்ணும் சொல்ல மாட்டா." அண்ணன் கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டு, "சொல்ல மாட்டாதான் மாப்ள. ஒரு பேச்சுக்குச் சொல்லிட்டா? முத்து பிள்ள கண்ணுல எறங்கிருச்சுன்னா நான் என்ன செய்வேன்? எனக்கு இப்ப நல்லாத்தான இருக்கு. தலைக்குத் தண்ணி ஊத்துனதும் போறேன்" என்றார். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் உனக்கு வேப்பிலையால் வீசிக்கொண்டிருந்தேன். எனக்குக் கண்ணுக்கு எதிரே நீ மட்டும்தான் இருந்தாய்.

மாமா சும்மாவும் இருக்கவில்லை. அவருக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டுப் போயிருந்தது, அதனால் உன் நோய் அவருக்கு ஒட்டாது. அவர் நோய் உனக்கு ஒட்டிவிடக் கூடாது என்று உள்ளே வராமல், ஜன்னலுக்கு வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்து வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு உன்னோடு பேசுவார். நீ சொறியக் கையை எடுத்தால் போதும். "டேய் மாப்ள, ஒரு கொப்புளத்த ஒடைச்ச, எம்மகளக் கட்டித் தர மாட்டேன். மூஞ்சி பூரா குழியா இருக்கவனுக்கு எம்மகளா?" என்பார். நீ அதற்குப் பயந்து இரண்டு கையையும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருப்பாய். உன் முகத்தில் ஒரு தழும்பு இல்லாமல் போனதற்கு வேப்பிலை ஒரு காரணம், உன் மாமா ஒரு காரணம். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. அவர் அப்போதே பேசி வைத்த பெண்ணைத்தான் இப்போது அவரை நினைத்து நீ வேண்டாம் என்கிறாயோ என்னவோ.

உனக்கு அம்மை இறங்கி மூன்று தண்ணி ஊற்றி முடிந்ததும் அண்ணன் ஊசிக்குப் போனார். முதலில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. மழைக்காலம் வந்தபோது இருமல் திரும்பியது. அப்புறம் ரத்தம் வந்தது. ஊசியை மாற்றினார்கள், மாத்திரையை மாற்றினார்கள். கடைசியில் டாக்டர், "இந்த மருந்து இனி இவருக்குக் கேக்காதும்மா" என்றார். புது மருந்து ஒன்று மெட்ராஸில் இருக்கிறது என்றார்கள், அது கைக்கு வருவதற்குள் அண்ணன் போய்விட்டார். மருந்து கேட்காது என்று டாக்டர் சொன்னபோது அவர் உடம்பு களைத்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். கேட்காமல் போனது உடம்பு இல்லை, கிருமி என்பது நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது என் குழப்பத்தைச் சொல்கிறேன், படித்தவன் நீ தீர்த்து வை. மருந்து கிருமியை மாற்றுவதில்லை, அது முன்பே மாறிக் கிடக்கும் என்கிறாய். அப்படியானால் உனக்கு முத்துப் போடுவதற்கு முன்பே என் அண்ணன் நெஞ்சில் அந்தப் பிசகு இருந்திருக்கலாம். உடனே, விட்டதால்தான் அது பெருகியது என்கிறாய். சரி, விடாமல் போட்டிருந்தால் கட்டாயம் பிழைத்திருப்பாரா என்று கேட்டால் அதற்கு நீ என்ன சொல்வாய்? ஆஸ்பத்திரியில் அவரோடு ஊசிக்கு வரிசையில் நின்றவர்களில் ஒரு நாளும் விடாதவர்களும் போயிருக்கிறார்கள், பாதியில் விட்டவர்களில் இன்றைக்கும் தெற்குவாசலில் கடை வைத்திருக்கிறவர் இருக்கிறார். இது என்ன கணக்கு? இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நாளைக்கே நம் வீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால், நீ இத்தனை சொன்ன பிறகும், மாத்திரையைத் தொட என் கை வருமா என்று எனக்குத் தெரியவில்லை. வர வேண்டும் என்று புரிகிறது, வருமா என்று தெரியவில்லை. பயம் என்பது படித்தால் போவதாக இருந்தால் நீ இப்படிப் பயந்து ஓடமாட்டாய்.

தனியாக யோசித்துப் பைத்தியம் பிடிப்பதைவிட மேல் என்று நேற்றுத் திருவாதவூருக்குப் போனேன். மதினி விதைக்குக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அமுதா அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, சேலையில் சாக்பீஸ் தூளோடு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு கை உரிக்க ஆரம்பித்தாள். நானும் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்க எனக்கு வரவில்லை. நீ போனில் சொன்னதைச் சொன்னேன், நான் நினைக்கிற காரணத்தையும் சொன்னேன். அமுதாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து கடலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதினிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"உங்க அண்ணன் நிறுத்துனது அந்த ஒரு தடவதான்னு நெனச்சீங்களா?" என்றாள். நான் நிமிர்ந்தேன். "உங்க வீட்டுக்கு வரதுக்கு முந்தியே இங்க கம்பவுண்டர்கிட்ட மாத்திரை வாங்கித் தின்னுக்கிட்டுத்தான இருந்தாரு. அப்ப இவளுக்குக் காது குத்து. வீடு கொள்ளாத சனம். டி.பி. மாத்திரையப் பாத்தா ஒருத்தனும் இந்த வீட்டுல கை நனைக்க மாட்டான்னு அம்புட்டையும் நெல்லுக் குதிருக்குள்ள போட்டு மூடிட்டாரு. சனம் போகவே ஒரு வாரம் ஆச்சு. அப்புறம் நல்லாத்தான இருக்கேன்னு நடவுக்கு எறங்கிட்டாரு. குதிரத் தொறந்தா நெல்லோட மாத்திரையும் வந்துச்சு. நான் சண்ட போட்டேன். பிள்ள காது குத்துல எலை காலியாக் கெடந்தா நல்லாவா இருக்கும்னு என்னயவே கேட்டாரு." சொல்லிவிட்டு மதினி அழவில்லை. கடலையை முறத்தில் புடைத்தாள்.

அப்படியானால் அந்தப் பிசகு எப்போது பெருகியது ஐயா? குதிருக்குள் மாத்திரை கிடந்தபோதா, நம் வாசலில் வேப்பிலை செருகியிருந்தபோதா, நடவுக்கு இறங்கியபோதா? எதிலும் இல்லையா, எல்லாவற்றிலுமா? நீ கண்ணாடிக் குழாயில் மருந்தை அளந்து ஊற்றி இந்தக் கிருமி இங்கே மாறியது என்று காட்டிவிடுவாயாக இருக்கும். என் அண்ணன் நெஞ்சுக்குள் எட்டிப் பார்க்க உன் குழாய் உதவாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் ஒவ்வொரு தடவையும் மருந்தை விட்டது தன் வீட்டுப் பிள்ளைக்காக என்பதுதான். அது தப்பு என்று இப்போது எனக்கும் தெரிகிறது. ஆனால் அந்தத் தப்புக்குப் பிள்ளையைப் பிடித்து உள்ளே போடுவார்களா?

அமுதா கடலை உரிப்பதை விட்டுவிட்டாள். அவள் காது குத்துக் கதை அவளுக்கே அப்போதுதான் தெரியும் என்று நினைக்கிறேன். கை தானாகக் காதுத் தோட்டுக்குப் போனது. "அத்தை, நான் சொல்றத அப்படியே எழுதுவீங்களா?" என்றாள். எழுதுகிறேன் என்றேன். அவளுக்கு உன் மேல் அழுகை இல்லை, நல்ல கோபம். டீச்சர் அல்லவா, வகுப்பில் நிற்கிற மாதிரி எழுந்து நின்றுகொண்டாள். அவள் சொன்னதைக் கீழே எழுதியிருக்கிறேன், நான் ஒரு சொல் கூட்டவில்லை.

"அத்தானுக்கு அம்மை போட்டதால எங்கப்பா செத்தாருன்னா, எனக்குக் காது குத்துனதாலயும் செத்தாருதான? அப்ப அந்தப் பழியில பாதி என்னோடது. முழுசயும் அவரே தூக்கிட்டுப் போக அவருக்கு யாரு குடுத்தா? பாதிய நான் சொமந்துக்கிறேன், மீதிய அவரு சொமக்கட்டும், இல்ல ரெண்டு பேரும் சேந்து கீழ போடுவோம். என்னயப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லட்டும், நான் ஒண்ணும் கெணத்துல விழ மாட்டேன். ஆனா எங்கப்பாவக் காரணமாச் சொல்லக் கூடாது. அவரு பொண்ணுக் குடுக்கறேன்னு சொன்ன ஆளு."

தைக்குச் சொன்ன பந்தல்காரரிடம் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதற்குப் பதிலை எனக்கு எழுதாதே. அவளுக்கு எழுது.

உன் அம்மா